முயல்காரர் கை

மனிதருக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாது என்பதற்காக முயலுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. அந்த மருந்துக் கம்பெனியில் நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தயாராகும். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் கொஞ்சம் எடுத்து மூன்று முயல்களின் காதோர நரம்பில் ஏற்றி, மூன்று மணி நேரம் உடல்சூட்டை அளந்து எழுதுவார்கள். சூடு ஏறாவிட்டால் பாட்டில்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஏறினால் மொத்தமும் சாக்கடைக்குப் போகும். இருபத்தோரு வருடமாக அந்த முயல்களைத் தூக்கி, பிடித்து, அளந்து, எழுதி வந்த ஆளைக் கம்பெனி முழுக்க முயல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலருக்கே ஆள் யாரென்று தெரியாது.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. பயந்த முயலுக்கு ஒன்றும் ஏற்றாமலேயே சூடு ஏறும். முரட்டுக் கை, புது வாசனை, தடாலென்று சாத்திய கதவு, எதுவானாலும் போதும். அன்றைக்கு அந்த முயல் உதவாது. அதை நம்பி ஒரு தொகுப்பைத் தள்ளவும் முடியாது, கொள்ளவும் முடியாது. ஆகவே முயல் பயப்படாமல் இருப்பதுதான் மொத்தப் பரிசோதனைக்கும் அடித்தளம். அதற்கு அவர் கை வேண்டியிருந்தது. நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்தொடைக்கடியில் ஒரு கை, முகத்தைத் தன் முழங்கை மடிப்புக்குள் செருகிக்கொள்ளும்படி தூக்குவார். முயல் அப்படியே மாவு உருண்டை மாதிரி அடங்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அதேபோல் தூக்கிப் பார்த்தார்கள். அவர்கள் கையில் அது உதைத்தது.

அந்தக் கைக்காக வீடும் சில விஷயங்களை விட்டுக்கொடுத்திருந்தது. வாசனை சோப்பு கிடையாது. தலைக்கு எண்ணெய் வாசனையில்லாததாக இருக்க வேண்டும். காலையில் சண்டை கூடவே கூடாது. மனக் கலக்கத்தோடு போனால் முயலுக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

"முயலுக்குக் காய்ச்சல் வந்துரும்னு சொல்லிச் சொல்லியே இருபது வருஷமா என் வாயை அடைச்சு வெச்சிருக்காரு" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். "சாயங்காலம் சண்டை போடலாம்னு பாத்தா, அதுக்குள்ள எனக்கு எதுக்குக் கோபம் வந்துச்சுன்னே மறந்துபோகுது."

கோழி தின்பார், ஆடு தின்பார், மீன் என்றால் முள்ளையும் விடமாட்டார். முயல் மட்டும் தொடமாட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் இறைச்சியை விட்டு மூன்று வருடமாகிறது. சாப்பாட்டு மேசையில் அவரை விடமாட்டாள். "கோழிக்கு மட்டும் உயிர் இல்லையாப்பா? அதையும் இருபது வருஷம் தூக்கியிருந்தா விட்டிருப்பீங்க, இல்ல?" அவர் எலும்பை ஓரமாக வைத்துவிட்டு, "இருக்கும்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் எல்லோரையும் உணவு அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் கேக் இருந்தது. இனிமேல் முயல் வேண்டாம், மனித ரத்த அணுக்களை வைத்தே சோதித்துவிடலாம், புதுக் கருவி வந்துவிட்டது என்று மேலாளர் அறிவித்தார். "இன்னையிலேருந்து நம்ம கம்பெனியில ஒரு முயலுக்கும் துன்பம் கிடையாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முயல்காரரும் தட்டினார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். இருபத்தோரு வருடம் ஊசி குத்தப்பட்ட காதுகள் அவருக்குத்தானே தெரியும். கேக்கைப் பாதி தின்ற பிறகுதான் அது உறைத்தது. பக்கத்தில் நின்ற டாக்டரம்மாவைக் கேட்டார்.

"அப்ப இப்ப இருக்கறதுங்க?"

டாக்டரம்மா கால்நடை மருத்துவர். வேலைக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. கேக் தட்டைக் கீழே வைத்தாள். "அதைப் பத்திதான் உங்ககிட்டப் பேசணும்ணே. கீழ வாங்க."

கீழே, கூண்டறையில், முப்பத்திரண்டு முயல்கள் இருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். எண், வந்த தேதி, எடை, நோக்கம். நோக்கம் என்ற இடத்தில் இதுவரை 'காய்ச்சல் சோதனை' என்று இருந்தது. அன்று காலையே அலுவலகத்திலிருந்து யாரோ வந்து எல்லா அட்டைகளிலும் அதைச் சிவப்பு மையால் அடித்து 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"வியாழக்கிழமை முடிச்சிரணும்னு மேல சொல்லிட்டாங்க" என்றாள் டாக்டரம்மா. "வலிக்காதுண்ணே. மயக்க மருந்துதான், கொஞ்சம் அதிகமா. அதே காது நரம்புதான். நீங்க பிடிச்சீங்கன்னா ஒண்ணும் தெரியாமப் போயிரும்."

"யாருக்காவது குடுத்துரலாமே. நாலு பேரு கேப்பாங்க."

"இந்தக் கட்டடத்துக்குள்ள வந்த விலங்கு உயிரோட வெளிய போகக் கூடாதுண்ணே. ரூல். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். அவரும் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"நான் பிடிக்கலன்னா?"

"ஒட்டடை பிடிப்பான்."

ஒட்டடை என்பது ஒப்பந்த ஆள். ஒட்டடைக் குச்சி மாதிரி நீளமாக இருப்பதால் வந்த பெயர். முப்பது வயதைத் தாண்டியவன், நல்லவன், சிரித்த முகம். ஆனால் தள்ளுவண்டியைத் தள்ளுவது போலத்தான் அவன் எதையும் பிடிப்பான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னார். மகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"முடியாதுன்னு சொல்லிட்டு வந்துருங்கப்பா."

"சொன்னா விட்டுருவாங்களா? ஒட்டடையை வெச்சு முடிப்பாங்க."

"முடிக்கட்டும். அது அவங்க பாவம். நீங்க ஏன் உங்க கையால? அதுங்க உங்களை நம்புதுப்பா. நம்ப வெச்சதே நீங்கதான். அந்த நம்பிக்கையைப் பிடிச்சுக்கிட்டு..."

மனைவி குறுக்கே வந்தாள். "நல்லாப் பேசுற. நாளைக்கு இவரு ஒதுங்கிக்கிட்டா அந்த முயலு ஆயிரம் வருஷம் வாழுமா? சாகறது சாகத்தான் போகுது. தெரிஞ்ச கையில போகட்டுமே."

"அம்மா, உன்னை ஒருத்தர் கொல்ல வந்தா, தெரிஞ்ச ஆளா இருந்தாப் பரவால்லன்னு சொல்லுவியா?"

"உங்கப்பாவா இருந்தாப் பரவால்லடி. கூண்டு கழுவிட்டுதான் கொல்லுவேன்னு நிப்பாரு. அதுக்குள்ள நான் ஓடிருவேன்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு சிரித்ததற்காக மூன்று பேருக்கும் சங்கடமாக இருந்தது. முயல்காரர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். மகள் சொன்னதுதான் சரி என்று அவருக்குப் பட்டது. சரியாக இருக்க வேண்டும் என்றும் ஆசையாக இருந்தது. கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

வியாழக்கிழமை காலையில் கூண்டறைக்குப் போய் எல்லாவற்றுக்கும் தீனி வைத்து, தண்ணீர் மாற்றினார். டாக்டரம்மா மருந்துப் பெட்டியோடு வந்ததும், "என்னால முடியாது டாக்டர்" என்றார். அவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். "சரிண்ணே. வெளிய இருங்க" என்றாள். கோபமில்லை. அதுவே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அவர் வராந்தாவில் போய் நின்றார். உள்ளே ஒட்டடையின் குரல் கேட்டது. "வாடா ராசா, வாடா... அட, இருடா!"

முயல் குரல் கொடுக்காத பிராணி. இருபத்தோரு வருடத்தில் இரண்டே முறைதான் அவர் அதன் குரலைக் கேட்டிருக்கிறார். இது மூன்றாவது. பச்சைக் குழந்தை வீறிடுவது போன்ற ஒரு சத்தம். நின்றது, மறுபடி வந்தது. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஒட்டடை பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கியிருந்தான். பின்பக்கத்துக்குத் தாங்கல் கொடுக்கவில்லை. அது காற்றில் ஓங்கி உதைத்த உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துவிட்டது. முயலின் பின்கால்களுக்கு இருக்கும் வலு அதன் முதுகுக்குக் கிடையாது. ஆய்வுக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடமே அதுதான். மேசைமேல் முன்கால்களால் இழுத்து இழுத்து நகரப் பார்த்தது. பின்பாதி துணி மாதிரி பின்னால் வந்தது.

"அண்ணே, சத்தியமா மெதுவாத்தான்ணே பிடிச்சேன்..." ஒட்டடையின் முகம் வெளுத்திருந்தது.

முயல்காரர் மேசையிலிருந்து அதை எடுத்து முகத்தை முழங்கை மடிப்பில் செருகிக்கொண்டார். அடங்கியது. அவ்வளவு வலியிலும் அடங்கியது. டாக்டரம்மா நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினாள். முயல் தொய்ந்து அவர் கையில் கனத்தது.

"அடுத்ததை நான் எடுக்கறேன்" என்றார்.

பிறகு அவரே எடுத்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றும் கூண்டுக் கதவு திறந்ததும் மூக்கை அசைத்துக்கொண்டு முன்னால் வந்தது. சோதனை நடக்கும் திங்கள், புதனில் எல்லாம் எப்படி வருமோ அப்படியே. பழக்க தோஷத்தில் காதைப் பஞ்சால் துடைத்தார். துடைத்த பிறகு எதற்குத் துடைக்கிறோம் என்று தோன்றியது. இருந்தும் அடுத்ததற்கும் துடைத்தார். ஒட்டடை மூலையில் நின்று அட்டைகளைச் சேகரித்தான். பதினொன்றாவது முயல் மட்டும் ஊசி ஏறுவதற்கு முன் அவர் மணிக்கட்டை ஒரு தடவை நக்கியது. உப்புக்காக நக்கும், எப்போதும் நக்குகிற ஒன்றுதான் அது.

பத்தொன்பது ஆனபோது மருந்து தீர்ந்துவிட்டது. எடையைக் கணக்குப் பண்ணியதில் ஸ்டோரில் தவறிவிட்டார்கள். மீதிப் பதின்மூன்றும் நாளைக்கு என்றாள் டாக்டரம்மா. கையுறையைக் கழற்றிக்கொண்டே, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"நீங்க இருந்ததால நல்லபடியா முடிஞ்சதுண்ணே. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"என்னைத் தெரியும் டாக்டர்."

அவள் கழற்றிய கையுறையைக் குப்பையில் போட்டாள்.

"நாளைக்கு நான் பிடிக்கமாட்டேன். ஒட்டடையையும் பிடிக்க விடமாட்டேன்."

"அண்ணே, நான் என்ன பண்ணட்டும்? ரூல் அப்படி இருக்கு."

அப்போதுதான் அவர் அதைக் கேட்டார். ஏன் அந்த நேரத்தில் வாயில் வந்தது என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவருக்கே பிடிபடவில்லை. "அந்த ரூல் எங்க எழுதியிருக்கு?"

எழுதாதது நடக்காதது என்பதுதான் அவர்கள் தொழிலின் முதல் விதி. அளந்துவிட்டு எழுத மறந்தால் அளக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். அரை டிகிரிக்குக்கூடக் கையெழுத்து கேட்கிற இடம். டாக்டரம்மா மாடிக்குப் போனாள். முயல்காரர் பதின்மூன்று கூண்டுகளின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. கையில் ஒரே ஒரு தாள்.

"நோய்க்கிருமி ஏத்தின எலிங்களுக்குண்ணே. மேல் மாடியில இருந்துச்சே, நான் வர்றதுக்கு முன்னாடியே மூடிட்டாங்களாமே, அந்த அறைக்கு. அதுல மட்டும்தான் இருக்கு." தாளை நீட்டினாள். "முயலைப் பத்தி ஒரு வரிகூட இல்ல."

அவர் தாளை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று நினைத்துப் பார்த்தார். முகம் ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்று, இறந்தும் போய்விட்ட ஆள். அவருக்கு யார் சொன்னார்களோ.

"லெட்டர் எழுதுங்க டாக்டர். வெளிய குடுக்கணும்னு."

அவள் அங்கேயே கழுவுதொட்டிப் பலகைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டாள். நாலு வரி ஓடியது. நின்றாள். "காரணம்னு ஒரு இடம் இருக்குண்ணே. என்னன்னு எழுதறது?"

"உசுரோட இருக்குன்னு எழுதுங்க."

"அது காரணம் ஆகாதே."

"கொல்றதுக்கு என்ன காரணம் எழுதியிருந்தாங்க?"

"இனித் தேவையில்லைன்னு."

"நமக்குத் தேவையில்லங்கறது அது சாகறதுக்குக் காரணம் ஆகுதுல்ல? அது உசுரோட இருக்கறது, அதை விட்டுடறதுக்குக் காரணம் ஆகாதா?" குரல் உயர்ந்துவிட்டது. கூண்டுகளில் காதுகள் நிமிர்ந்தன. அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அது எதுக்காக இருக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது டாக்டர். நான் எதுக்கு இருக்கேன்னு கேட்டாலும் சொல்லத் தெரியாது. யாரும் கேக்கல. அதனால இருக்கேன்."

டாக்டரம்மா இரண்டு தடவை எழுதி எழுதி அடித்தாள். கடைசியில் 'நல்ல உடல்நிலையில் உள்ளவை, மனிதக் கைகளுக்கு நன்கு பழகியவை' என்று எழுதினாள். "இதுதான்ணே மேல எடுபடும்" என்றாள், மன்னிப்புக் கேட்பது போல. அவர் மறுக்கவில்லை. எடுபட வேண்டும் என்பதுதான் அப்போது முக்கியமாக இருந்தது.

மறுநாள் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. நான்காம் நாள் பதில் வந்தது. மேலாளரின் கையெழுத்து, அதற்கு மேலே இரண்டே சொற்கள்: 'ஆட்சேபணை இல்லை.'

வீட்டில் மகள் அவரைக் கட்டிக்கொண்டாள். "பதிமூணு உயிருப்பா, பதிமூணு" என்றாள். மனைவி பக்கத்து வீடுவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வார்த்தைம்மா" என்றார் மகளிடம். "வியாழக்கிழமை காலையில கேட்டிருந்தாலும் இதே ரெண்டு வார்த்தைதான் வந்திருக்கும். புதன்கிழமை கேட்டிருந்தாலும்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? எல்லாரும்தானே அப்படி நினைச்சாங்க."

"நான் கேக்கல. பிடிக்கறதா வேண்டாமான்னுதான் மூணு நாளா யோசிச்சேன். என் கையைப் பத்தியேதான் யோசிச்சேன். கொல்லணுமான்னு ஒருத்தரையும் கேக்கல."

"வெளிய நிக்கச் சொன்னது நான்தானேப்பா" என்றாள் அவள். முதல் முயலைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தார். அவர் தலையை அசைத்தார். ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்குப் புரியவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். அன்று இரவு அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை கம்பெனி வாசலில் பதின்மூன்று அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். கேட்டவர்கள் வந்தார்கள். மகளும் வந்தாள், தனக்கொன்று வேண்டும் என்றாள். நம் வீட்டுக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "என்னைப் பாத்ததும் முன்னால வரும். அதை என்னால பாக்க முடியாது" என்றார்.

வரிசையில் முதலாவதாக நின்றவள் ஒரு பள்ளி ஆசிரியை. கையில் துணி விரித்த கூடை, முகத்தில் கொஞ்சம் பயம். "கடிக்குமாங்க?"

"கடிக்காதும்மா."

"நகத்தால கீறுமா?"

"கீறாது. யாரு தூக்குனாலும் வரும். யாருன்னு பாக்காது." அவர் பெட்டியைத் திறந்தார். "அதனாலதான் நீங்க சரியாத் தூக்கணும். கீழ்க் கையை முதல்ல குடுங்க. இல்ல, பின்தொடைக்கடியில. அது உதைச்சா முதுகு போயிரும்."

ஆசிரியை தூக்கினாள். அவர் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொன்னார். மறுபடி தூக்கினாள். கீழ்க் கை தாமதமாகிவிட்டது. மறுபடி. முயல் மூக்கை அசைத்துக்கொண்டு அவள் கைக்கு வருவதும் போவதுமாக இருந்தது. ஐந்தாவது தடவை அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்னங்க, பரீட்சையா இது? வீட்டுல சும்மா விட்டு வெச்சுக்கப்போறேன், அவ்வளவுதானே" என்றாள். பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். ஒட்டடை கையைப் பிசைந்தான். "அண்ணே, விட்ருங்கண்ணே. கத்துப்பாங்க."

"கத்துக்கற வரைக்கும் அது தாங்காது" என்றார் முயல்காரர். பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னொரு தடவைம்மா. அவசரமில்ல."